கூட்டு வியாபாரமும் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பேணுதலும்

அல்ஹம்து லில்லாஹ். எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



இரண்டு பேர் சேர்ந்து கடை திறக்கும்போது துஆ ஓதி, இனிப்புக் கொடுத்துத் தொடங்குகிறோம். சில வருடங்கள் போனால் அதே இரண்டு பேர் ஒரே ஸஃப்பில் நிற்கக்கூட மனமில்லாமல் ஆளுக்கொரு மூலையில் தொழுகிறார்கள். கூட்டாளிகளில் அதிகமானோர் ஒருவருக்கொருவர் அநியாயம் செய்துவிடுகிறார்கள், ஈமானும் நல்லமலும் உள்ளவர்களே அதிலிருந்து தப்புகிறார்கள், அவர்கள் குறைவு என்ற கருத்தை ஸாத் அத்தியாயத்தில் தாவூத் (அலை) அவர்களின் வரலாற்றில் அல்லாஹ் நமக்குச் சொல்லிக் காட்டுகிறான்.

அந்தக் குறைவானவர்களில் ஒருவரைப் பற்றித்தான் இன்று பார்க்கப் போகிறோம். இமாமுல் அஃளம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 80ல் கூஃபாவில் பிறந்தார்கள். குடும்பத் தொழில் ஜவுளி. பட்டும் கம்பளியும் கலந்து நெய்த கஸ் என்ற துணியை விற்றார்கள். வாலிபத்தில் கடையே கதி என்று இருந்தவர்களை இமாம் ஷஅபீ (ரஹ்) அவர்கள் கல்வியின் பக்கம் திருப்பினார்கள். பிறகு ஹம்மாத் (ரஹ்) அவர்களிடம் 18 வருடங்கள் ஃபிக்ஹு பயின்றார்கள். ஆனாலும் கடையை மூடவில்லை. பாடமும் நடக்க வேண்டும், வியாபாரமும் நடக்க வேண்டும் என்றால் நம்பிக்கையான ஆட்கள் வேண்டுமல்லவா? அதனால் கூட்டாளிகளை வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் ஹஃப்ஸ் இப்னு அப்துர் ரஹ்மான்.

இமாம் சரக்கு அனுப்புவார்கள், ஹஃப்ஸ் விற்பார். ஒரு தடவை அனுப்பிய சரக்கில் ஒரு துணியில் குறை இருந்தது. விற்கும்போது அதை வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று இமாம் முன்கூட்டியே தெரிவித்தார்கள். ஹஃப்ஸ் விற்றுவிட்டார், குறையைச் சொல்ல மறந்துவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. விஷயம் தெரிந்ததும் இமாம் என்ன செய்தார்கள்? அந்த ஒரு துணியின் விலையை அல்ல, அந்தச் சரக்கு முழுவதின் விலையையும் ஸதகா செய்துவிட்டார்கள். அது 30,000 திர்ஹம் என்றும், அதன்பின் அந்தக் கூட்டாளியை விட்டுப் பிரிந்துகொண்டார்கள் என்றும் சில அறிவிப்புகளில் வருகிறது.

சகோதரர்களே! ஹஃப்ஸ் திருடவில்லை, கணக்கை மறைக்கவுமில்லை. மறதிதான். ஆனால் இமாமுடைய தராசு வேறு. ஒரு பெண்மணி பட்டுத் துணியை 100க்கு விற்க வந்தபோது, அது அதைவிடப் பெறும் என்று சொல்லிச் சொல்லி விலையை ஏற்றி, கடைசியில் 500க்கு வாங்கியவர்கள் அவர்கள். வாங்கும்போதும் அடுத்தவருக்கு நஷ்டம் வரக்கூடாது என்று பார்ப்பவரின் கூட்டாளி, விற்கும்போது அதே கவனத்தோடு இருக்க வேண்டும்.

கூட்டாளிகளுக்குள் பொருத்தம் என்பது இதுதான். குணம் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஒருவர் அமைதியானவர், ஒருவர் கலகலப்பானவர் என்றால் கடைக்கு நல்லதுதான். ஒருவர் கொள்முதல் பார்க்கட்டும், ஒருவர் கல்லாவில் உட்காரட்டும். ஆனால் ஹலால் ஹராமில் இருவருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். ஒருவர் வட்டிக்கு வாங்கலாம் என்பார், மற்றவர் கூடாது என்பார் என்றால் அந்தக் கூட்டு முதல் நெருக்கடியிலேயே உடைந்துவிடும்.

ஆகவே பணம் போடுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். லாபத்தில் யாருக்கு எத்தனை பங்கு என்பதை விகிதமாக முடிவு செய்யுங்கள். மாதம் இவ்வளவு தொகை எனக்கு உறுதி என்று நிர்ணயிப்பது மார்க்கத்தில் செல்லாது. நஷ்டம் வந்தால் அவரவர் முதலீட்டின் அளவுப்படி ஏற்க வேண்டும். எல்லாவற்றையும் எழுதி, சாட்சி வையுங்கள். மச்சான்தானே, அண்ணன்தானே என்று எழுதாமல் விட்டதால்தான் எத்தனையோ குடும்பங்களில் பேச்சுவார்த்தை நின்று போயிருக்கிறது.

இமாம் அவர்கள் அந்த வியாபார லாபத்தில் ஆலிம்களின் தேவைகளை நிறைவேற்றினார்கள். ஏழை மாணவராக வந்த அபூயூஸுஃப் (ரஹ்) அவர்களை ஆதரித்தார்கள். கலீஃபா மன்ஸூர் தந்த காழி பதவியை மறுத்துச் சிறையும் சென்றார்கள். ஹிஜ்ரி 150ல் பக்தாதில் வஃபாத்தானார்கள். சுத்தமான சம்பாத்தியம் இருந்ததால் ஆட்சியாளரின் கையை எதிர்பார்க்க வேண்டிய நிலை அவர்களுக்கு வரவில்லை.

இரு கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் மோசடி செய்யாதவரை அல்லாஹ் அவர்களோடு மூன்றாமவனாக இருக்கிறான் என்பது ஹதீஸின் கருத்து. அவன் விலகிவிட்டால் அந்தக் கடையில் என்ன மிஞ்சும்?

வல்ல ரஹ்மான் நமது வியாபாரங்களில் பரக்கத்தையும், கூட்டாளிகளுக்கிடையே அமானிதத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.