பனியில் விறைக்காத ரப்பர்!
சார்லஸ் குட்இயர் வாழ்க்கைக் கதை

அமெரிக்காவின் வடகிழக்கில் மாசசூசெட்ஸ் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. குளிர் காலம் பிறந்தால் அங்கு பனி கொட்டத் தொடங்கும். ரோடு, கூரை, மரம் எல்லாம் வெள்ளை வெளேர் என்று ஆகிவிடும்.

அந்தப் பக்கத்தில் ஜீப் வைத்திருப்பவர்கள் பலர். காடு மேடுகளில் ஓட்டுவதற்காகச் சிலர் ஜீப்பின் உடலை உயர்த்திக் கட்டுவார்கள். பெரிய டயர் மாட்டுவார்கள். குளிர் காலம் நெருங்கியதும் அவர்களுக்கு ஒரு கவலை வந்துவிடும். பனிக்கு எந்த டயரை வாங்குவது?

பார்வைக்கு எல்லா டயரும் கறுப்புத்தான். ஆனால், கடுங்குளிரில் ஒரு டயர் கல் போல இறுகிவிடும். இன்னொரு டயர் மெத்தென்று இருக்கும். இறுகிய டயர் வழுக்கும். மெத்தென்ற டயர் ரோட்டைப் பிடித்துக்கொள்ளும். சில சமயம் உயிர் போவதும் பிழைப்பதும் இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

குளிரில் விறைக்காத ரப்பரைச் செய்வது எப்படி? மோட்டார் கார் பிறப்பதற்கு முன்பே, இதே மாசசூசெட்சில் ஒருவர் இந்தக் கேள்வியோடு போராடினார். வீடு, வாசல், உடல்நலம் எல்லாவற்றையும் அதற்காக இழந்தார். அவர் பெயர் சார்லஸ் குட்இயர்.

இரும்புச் சாமான் வியாபாரி

குட்இயர் 1800-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி, கனெக்டிகட் மாநிலத்தில் நியூ ஹேவன் என்ற ஊரில் பிறந்தார். தந்தைக்கு இரும்புச் சாமான் தொழில். மகனும் அதிலேயே இறங்கினார். 1824-ல் கிளாரிசா என்ற பெண்ணை மணந்தார்.

பிலடெல்பியா நகரில் கடை வைத்தார். கடனுக்குச் சரக்கு கொடுத்தார். போன பணம் திரும்பவில்லை. கடை நொடித்தது. அந்தக் காலத்தில் அங்கு கடன் கட்டாதவரைச் சிறையில் போடுவார்கள். குட்இயரும் சிறை சென்றார். அதன் பிறகு அவர் வாழ்க்கையில் சிறை அடிக்கடி வந்து போகும் இடமாயிற்று.

கோடையில் பிசின், குளிரில் கல்

அப்போது அமெரிக்காவில் ரப்பர் புது மோகம். பிரேசில் நாட்டு மரத்துப் பாலில் இருந்து வந்த ரப்பரில் செருப்பும் கோட்டும் செய்து விற்றார்கள். தண்ணீர் உள்ளே புகாது என்று ஜனங்கள் ஆசையோடு வாங்கினார்கள்.

கோடை வந்தது. செருப்பும் கோட்டும் பிசின் போல உருகி நாற்றம் எடுத்தன. குளிர் வந்தது. அவையே விறைத்து வெடித்தன. வாங்கியவர்கள் சரக்கைத் திருப்பிக் கொண்டு வந்து எறிந்தார்கள். கம்பெனிகள் திவால் ஆயின.

1834-ல் குட்இயர் நியூயார்க்கில் ஒரு ரப்பர் கடைக்குப் போனார். நீரில் மிதக்க உதவும் காற்றுப் பைக்குத் தாம் செய்த புதிய மூடியைக் காட்டினார். மூடி நன்றாகத்தான் இருந்தது. ஆனால், ரப்பரே சரியில்லாதபோது மூடியை வைத்து என்ன செய்வது என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார். அன்று முதல் ரப்பரைத் திருத்துவதே குட்இயரின் வேலை ஆயிற்று. அவருக்கு ரசாயனப் படிப்பு கிடையாது.

சிறைக்குள் ஆராய்ச்சி

முதல் ஆராய்ச்சி சிறைக்குள்ளேயே நடந்தது. மனைவி கிளாரிசா பச்சை ரப்பரையும், மாவு தேய்க்கும் உருளைக் கட்டையையும் சிறையில் கொண்டுபோய்க் கொடுத்தார். குட்இயர் ரப்பரைப் பிசைந்தார், உருட்டினார், தட்டினார்.

வெளியே வந்ததும் மக்னீசியாவைக் கலந்து பார்த்தார். அந்த ரப்பரில் நூற்றுக்கணக்கான செருப்புகள் செய்தார். கோடையில் அத்தனையும் உருகின. பிறகு சுண்ணாம்பு கலந்தார். அடுத்து நைட்ரிக் அமிலம் பூசினார். அமிலம் பட்ட ரப்பர் வழவழப்பாக இருந்தது. வெற்றி என்று நினைத்தார். அரசாங்கமே அவரிடம் 150 தபால் பைகளுக்கு ஆர்டர் கொடுத்தது.

பைகளைச் செய்து மாட்டி வைத்துவிட்டு வெளியூர் போனார். திரும்பி வந்து பார்த்தால், வெப்பத்தில் பைகள் இளகிக் கிடந்தன. ஊரார் சிரித்தார்கள். வீட்டில் சாமான்கள் ஒவ்வொன்றாக விலைக்குப் போயின. பிள்ளைகளின் பள்ளிப் புத்தகங்களையும் விற்றார்.

அடுப்பில் பட்ட துண்டு

நதானியல் ஹேவர்டு என்பவர் ரப்பரில் கந்தகம் கலந்து பார்த்து வந்தார். குட்இயர் அந்த முறையை அவரிடம் விலைக்கு வாங்கினார்.

1839-ம் ஆண்டு. மாசசூசெட்சில் வோபர்ன் என்ற ஊர். கந்தகம் கலந்த ரப்பர்த் துண்டு ஒன்று தற்செயலாகச் சூடான அடுப்பில் பட்டது. உருகி ஓட வேண்டிய ரப்பர் உருகவில்லை! தோல் போலக் கருகி நின்றது. கருகிய பாகத்தின் ஓரத்தில் நல்ல உறுதியான ரப்பர் இருந்தது.

வெப்பத்தை ரப்பர் வென்றுவிட்டது. குளிரை வெல்லுமா?

அந்தத் துண்டைச் சமையலறைக் கதவுக்கு வெளியே ஆணியில் அடித்து வைத்தார். ராத்திரி முழுவதும் கடுங்குளிர். காலையில் எடுத்து வளைத்துப் பார்த்தார். துண்டு விறைக்கவில்லை. முன்போலவே வளைந்தது. இந்தச் செய்தியைப் பின்னாளில் சொன்னவர் அவருடைய மகள்.

ரப்பரின் உள்ளே நீண்ட நீண்ட இழைகள் இருக்கின்றன. பச்சை ரப்பரில் அவை ஒன்றோடு ஒன்று சேராமல் கிடக்கும். கந்தகமும் சூடும் சேர்ந்தால், இழைக்கும் இழைக்கும் இடையே முடிச்சு விழுகிறது. அதனால் ரப்பர் இழுத்தால் நீளும். விட்டால் பழைய நிலைக்கு வரும். வெயிலிலும் குளிரிலும் கெடாது.

கையில் காசில்லை

ஆனால், எவ்வளவு சூடு? எத்தனை நேரம்? எவ்வளவு கந்தகம்? இதைக் கண்டுபிடிக்க மேலும் 5 ஆண்டுகள் ஆயின. அந்த நாட்களில் குடும்பம் பட்ட பாடு கொஞ்சம் அல்ல. கடன் கேட்கப் பாஸ்டன் நகருக்குப் போன குட்இயர், விடுதிக்குப் பணம் கட்ட முடியாமல் சிறையில் அடைக்கப்பட்டார். வீடு திரும்பியபோது 2 வயது மகன் சாகக் கிடந்தான். குழந்தை இறந்தபோது அடக்கம் செய்யக் கூடக் கையில் காசில்லை.

1844-ம் ஆண்டு ஜூன் 15-ந் தேதி அமெரிக்காவில் அவருக்குப் பேட்டண்ட் உரிமை கிடைத்தது. அதற்குள் இங்கிலாந்தில் தாமஸ் ஹான்காக் என்பவர் முந்திக்கொண்டார். அமெரிக்காவில் இருந்து வந்த ரப்பர்த் துண்டுகளை அவர் முன்பே பார்த்திருந்தார். தாமே ஆராய்ந்து முறையைக் கண்டுபிடித்ததாகச் சொல்லி உரிமை வாங்கிவிட்டார். இந்த முறைக்கு, ரோமானியரின் நெருப்புத் தெய்வமான வல்கனின் பெயரால் வல்கனைசிங் என்று பெயர் வைத்தவர் ஹான்காக்கின் நண்பர். நம் ஊர்ப் பஞ்சர் கடைப் பலகையில் இருப்பதும் அந்தப் பெயர்தான்.

அமெரிக்காவில் பலர் குட்இயரின் முறையைத் திருடிச் சரக்கு செய்தார்கள். 1852-ல் புகழ் பெற்ற வக்கீல் டேனியல் வெப்ஸ்டர் அவருக்காக வாதாடினார். குட்இயர் வழக்கில் வென்றார். ஆனாலும் கடன் தீரவில்லை. 1855-ல் பாரிஸ் கண்காட்சியில் ரப்பர்ப் பொருள்களை வைத்தார். கடனுக்காக அங்கும் சிறை! பிரெஞ்சுச் சக்கரவர்த்தி அளித்த கௌரவப் பதக்கம் சிறையில் இருந்தபோதுதான் அவர் கைக்கு வந்தது.

1860-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி நியூயார்க்கில் காலமானார். விட்டுச் சென்ற கடன் சுமார் 2 லட்சம் டாலர். 1898-ல் தொடங்கிய குட்இயர் டயர் கம்பெனி அவர் நினைவாகப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டது. அவருக்கும் அதற்கும் வேறு சம்பந்தம் இல்லை.

ஜீப்புக்கு எந்த டயர்?

அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிறகே மோட்டார் வந்தது. 1934-ல் பின்லாந்து நாட்டில் லாரிகளுக்காகப் பனி டயர் செய்தார்கள். ஆணியில் தொங்கிய அந்த ரப்பர்த் துண்டைப் போலவே பனி டயரும் குளிரில் விறைக்கக் கூடாது.

கந்தகம் சேர்ந்த ரப்பரிலும் பல ரகம் உண்டு. கோடைக்கான டயர், சுமார் 7 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே குளிர் இறங்கினால் இறுகத் தொடங்கும். பனி டயரின் ரப்பர் அப்போதும் இளக்கமாகவே இருக்கும். அதன் பட்டன்களில் மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும். அந்தக் கீறல்களின் ஓரங்கள் பனியைக் கவ்வும்.

உயர்த்திய ஜீப்புக்குச் சேற்று டயர் கம்பீரமாக இருக்கும். அதன் பெரிய பட்டன்கள் சேற்றிலும் ஆழமான இளம்பனியிலும் இழுத்துக்கொண்டு போகும். வழவழப்பான பனிக்கட்டியில் அவை வழுக்கும். நான்கு சக்கரமும் இழுப்பதால் வண்டி சுலபமாகக் கிளம்பும். பிரேக் போடும்போது அந்த இழுப்பு உதவாது. உயரமான வண்டி சறுக்கினால் கவிழும் ஆபத்தும் அதிகம்.

ஆகவே, டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும், அதற்குள் பனித் துகளும் உள்ள முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பனியில் ஓட்டிச் சோதித்த டயருக்கே அது கிடைக்கும். எம், எஸ் என்ற எழுத்துகள் மட்டும் போதாது. நான்கு சக்கரத்துக்கும் ஒரே ரகம் வேண்டும். வண்டியின் எடையைத் தாங்கும் அளவு வேண்டும். ஸ்டீரிங்கை முழுவதும் திருப்பினாலும் டயர் எங்கும் உரசக் கூடாது. மிக அகலமான டயர் புதுப்பனியின் மேல் மிதக்கும். சற்றுக் குறுகலானது பனியைக் கீறிக்கொண்டு கீழே பிடிக்கும். குளிரில் காற்றழுத்தம் குறையும். அதை அடிக்கடி பார்ப்பது நல்லது.

பனி நாட்டில் இரவில் வேலை முடித்து வீடு திரும்பும் தகப்பனை நான்கு ரப்பர்ச் சக்கரங்கள் தாங்கி வருகின்றன. அந்த ரப்பர் விறைக்காமல் இருக்க வழி கண்டவர், தம் குழந்தையை அடக்கம் செய்யக் காசில்லாமல் நின்ற குட்இயர்.