செம்பட்டை முடிச் சாமியார்

இசைக்கு மயங்காத இதயம் இவ்வுலகில் உண்டோ? தொட்டிலில் தாலாட்டு, ஆலயத்தில் கீதம், கல்லறையில் இரங்கற் பாடல் என்று பிறப்பு முதல் இறப்பு வரை இசை நம்மோடு வருகின்றது. ஆனால் பாடுகிறவரை நாம் அறிவோம். அவரைப் பாட வைத்தவரை அறிவதில்லை. குரலைக் கண்டுபிடித்து, பயிற்சி தந்து, அதற்கேற்ற பாட்டை எழுதி, மேடையேற்றி, வரவு செலவும் பார்ப்பதற்கு ஒருவர் பின்னால் இருக்க வேண்டும். அவ்வாறு இருந்த ஒரு குருவானவரின் வாழ்வைத் தோழியருக்குக் கூற விரும்புகின்றோம். அவர் பெயர் அந்தோனியோ விவால்டி.

இத்தாலி நாட்டில், கடல் நடுவே தெருக்களுக்குப் பதிலாகக் கால்வாய்கள் ஓடும் வெனிஸ் நகரில், 1678-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 4-ஆம் நாள் அவர் பிறந்தார். பிறந்தபோதே பிழைப்பாரோ என்ற அச்சம். அதனால் பிரசவம் பார்த்த மருத்துவச்சியே வீட்டில் அவசர ஞானஸ்நானம் கொடுத்தார். தந்தையார் முதலில் நாவிதர். பின்னர் வயலின் கலைஞராகி, 1685-இல் புகழ் பெற்ற புனித மாற்கு பேராலயத்தின் இசைக்குழுவில் இடம் பெற்றார். மைந்தனுக்கு வயலின் கற்பித்தவரும் அவரே. தந்தையின் தலைமுடியைப் போலவே மகனுடையதும் செம்பட்டை. 1703-இல் தமது இருபத்தைந்தாம் வயதில் விவால்டி குருப்பட்டம் பெற்றபோது, ஊரார் அவரைச் செம்பட்டை முடிச் சாமியார் என்றே அழைக்கலாயினர்.

பிறவியிலேயே அவருக்கு மார்பு நோய் இருந்தது. மூச்சு முட்டும். குருப்பட்டம் பெற்ற சில ஆண்டுகளிலேயே திருப்பலி நிறைவேற்றுவதை அவர் நிறுத்திக் கொண்டார். இச்செயல் பின்னாளில் அவருக்குப் பெருந்துன்பத்தை வருவித்தது. அதைப் பிறகு காண்போம்.

குருப்பட்டம் பெற்ற அதே 1703-ஆம் ஆண்டு அவர் ஓர் அநாதை இல்லத்தில் வயலின் ஆசிரியராக அமர்ந்தார். ஆண்டுச் சம்பளம் 60 டக்கட். இல்லத்தின் பெயர் பியெத்தா. இரக்கம் என்று அதற்குப் பொருள். 1346-இல் ஒரு பிரான்சிஸ்கன் துறவி தொடங்கிய அறநிலையம் அது. அதன் சுவரில் கைக்குழந்தை மட்டும் நுழையக்கூடிய சிறிய திறப்பு ஒன்று உண்டு. வளர்க்க வகையற்றவர்கள் இருளில் வந்து, குழந்தையை அதில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். சில தாய்மார்கள் பதக்கத்தின் ஒரு பாதியைக் குழந்தையோடு வைத்து, மறு பாதியைத் தாங்கள் எடுத்துச் செல்வார்களாம். என்றாவது ஒரு நாள் திரும்பி வந்து, இரண்டையும் சேர்த்துக் காட்டிக் குழந்தையைப் பெறலாம் என்ற நம்பிக்கை. பெரும்பாலும் அந்தப் பாதிகள் சேரவே இல்லை. இதைப் படித்தபோது எங்கள் கண்கள் கலங்கின.

ஆண் பிள்ளைகள் தொழில் கற்று இல்லத்தை விட்டு வெளியேறினர். பெண் பிள்ளைகளோ அங்கேயே வளர்ந்தனர். அவர்களுள் குரல்வளமும் விரல்திறமும் உடையோரைத் தேர்ந்து இசைக்குழுவில் சேர்த்தனர். மூத்தவர்கள் இளையவர்களுக்குக் கற்பித்தனர். பாடுவதும் வயலின் வாசிப்பதும் மட்டுமா? ஓபோ, செல்லோ, லூட் முதலிய பல கருவிகளையும் அவர்கள் கையாண்டனர். ஆண்குரலுக்குரிய தாழ்ந்த பகுதிகளையும் அங்கே பெண்களே பாடினர். குடும்பப் பெயர் இல்லாத அச்சிறுமியருக்கு அவரவர் கருவியே பெயராயிற்று. வயலின் வாசித்தவள் வயலின் அன்னா மரியா!

ஞாயிறு தோறும், திருநாள் தோறும் அந்த இல்லத்து ஆலயம் நிரம்பி வழிந்தது. அரசர்களும் பிரபுக்களும் வெளிநாடுகளிலிருந்து வந்து கேட்டனர். ஆனால் வாசித்தவர்களின் முகத்தைக் கண்டவர் இல்லை. உயரத்தில், கம்பிப் பின்னலுக்குப் பின்னால் அவர்கள் இருந்தார்கள். இசை மட்டும் இறங்கி வந்தது. அதனால் வந்த காணிக்கை இல்லத்தின் குழந்தைகளுக்குச் சோறாயிற்று.

இவர்களுக்காகவே விவால்டி எழுதினார். கன்சேர்ட்டோ என்பது ஒரு தனிக்கருவி முன்னின்று வாசிக்க, மற்றவை சூழ்ந்து பதில் சொல்லும் இசை வகை. அவர் இயற்றிய கன்சேர்ட்டோக்கள் ஏறத்தாழ 500. அன்னா மரியா ஒருவருக்காக மட்டும் இருபதுக்கும் மேற்பட்டவை. ஒருவரின் ஆற்றல் எதுவரை எட்டும் என்று பார்த்து, அதற்கு ஒரு படி மேலே எழுதுவார். அவரும் ஏறி வந்துவிடுவார். இதுவன்றோ நல்லாசிரியரின் அடையாளம்? அந்த அன்னா மரியா பின்னாளில் தாமே அங்கு ஆசிரியையாகி, 1782-இல் இறக்கும் வரை அவ்வில்லத்திலேயே வாழ்ந்தார். சுவர்த் திறப்பில் விடப்பட்டவர் ஐரோப்பா போற்றும் கலைஞரானார்.

1716-இல் விவால்டி, வேதாகமத்தில் வரும் வீரப்பெண் யூதித்தின் கதையை ஒரட்டோரியோ எனப்படும் பெரும் இசைக்காவியமாக அமைத்தார். வெனிஸ் துருக்கியரோடு போரிட்டுக் கொண்டிருந்த காலம் அது. யூதித்து முதல் பகைத்தளபதி ஒலோபெர்னஸ் வரை எல்லாப் பாத்திரங்களையும் இல்லத்துப் பெண்களே பாடினர்.

இவ்வளவு செய்தவரை நிர்வாகக் குழு தலைமேல் வைத்துக் கொண்டாடியிருக்கும் என்று நினைப்போம். அப்படி நடக்கவில்லை. அவர் பதவியில் நீடிப்பதா என்று ஆண்டுதோறும் வாக்கெடுத்தனர். 1709-இல் 7 பேர் எதிராகவும் 6 பேர் ஆதரவாகவும் வாக்களிக்க, வேலை போயிற்று. ஒரே ஒரு வாக்கு! இரண்டு ஆண்டுகள் கழித்து, 1711-இல் அவரையே மீண்டும் அழைத்துக் கொண்டனர். அதே ஆண்டு ஆம்ஸ்டர்டாமில் அச்சான அவருடைய 12 கன்சேர்ட்டோக்கள் ஐரோப்பா எங்கும் பரவின. ஜெர்மனியில் இருந்த மாமேதை பாக், அவற்றுள் சிலவற்றை வேறு கருவிகளுக்கு மாற்றியமைத்து வாசித்தார். 1723-இல் நிர்வாகம் அவரோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. ஊரில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் இரண்டு கன்சேர்ட்டோ தர வேண்டும். ஊரில் இருக்கும்போது ஒவ்வொன்றையும் மூன்று நான்கு முறை பெண்களுக்கு ஒத்திகை நடத்தித் தர வேண்டும். நான்கு பருவங்களையும் இசையில் வரைந்த அவருடைய புகழ் பெற்ற படைப்பு 1725-இல் வெளிவந்தது.

விவால்டி புனிதர் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நாடக அரங்கு ஒன்றை ஏற்று நடத்தி, பாடகரை அமர்த்தி, கூலி பேசி, கணக்குப் பார்த்தவர் அவர். பணத்தில் கண்ணாயிருந்தார், தற்பெருமையும் உண்டு. அவரிடம் பயின்ற அன்னா ஜிரோ என்ற பாடகி அவருடைய நாடகங்களில் பாடியதை வைத்து ஊரார் வம்பு பேசினர். 1737-இல் பெராரா நகரில் அவர் இசை நாடகம் நடத்த ஆயத்தமானபோது, அங்கிருந்த கர்தினால், திருப்பலி நிறைவேற்றாத குரு என்றும் ஒரு பாடகியோடு நட்புக் கொண்டவர் என்றும் கூறி, நகருக்குள் வரத் தடை விதித்தார். பெரும் பொருள் நட்டமாயிற்று. அவர் செய்தது சரியா, கர்தினால் செய்தது சரியா என்று எங்கள் வகுப்பில் பெரிய வாதமே நடந்தது. முடிவு காண எங்களால் இயலவில்லை. உள்ளத்தை அறிந்தவர் இறைவன் ஒருவரே என்று விட்டுவிட்டோம்.

காலம் மாறியது, மக்களின் சுவையும் மாறியது. 1740-இல் கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றை விற்றுவிட்டு அவர் வியன்னா சென்றார். அவரை ஆதரிப்பார் என்று நம்பியிருந்த பேரரசர் ஆறாம் சார்லஸ் அதே ஆண்டு அக்டோபரில் காலமானார். 1741 ஜூலை 28-ஆம் நாள், அந்நிய மண்ணில், வறுமையில் விவால்டியின் உயிர் பிரிந்தது. மிக எளிய அடக்கம். அவர் கல்லறை இன்று இல்லை.

அதோடு அவர் பெயரும் மறைந்தது. குடத்திலிட்ட விளக்குப் போல ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அந்த இசை கிடந்தது. 1926-இல் வட இத்தாலியில் சலேசிய சபைக் குருக்கள் நடத்திய ஒரு பள்ளியில் கட்டடப் பழுது பார்க்கப் பணம் தேவைப்பட்டது. அலமாரியில் இருந்த பழைய இசைச் சுவடிகளை விற்கலாமா என்று தூரின் நகர நூலகத்தாரிடம் கேட்டனர். பிரித்துப் பார்த்தால் அவற்றுள் விவால்டியின் கையெழுத்துப் பிரதிகள், கட்டுக் கட்டாக! நூலகத்திடமோ பணமில்லை. அப்போது ரொபெர்த்தோ போவா என்பவர், இறந்துபோன தம் சிறு மகன் மவுரோவின் நினைவாக அவற்றை வாங்கி நூலகத்துக்கு அளித்தார். மறு பாதிச் சுவடிகள் வேறொரு குடும்பத்திடம் இருப்பது பின்னர் தெரிந்தது. 1930-இல் பிலிப்போ ஜியோர்தானோ என்பவர் அவற்றை வாங்கிக் கொடுத்தார். அவரும் தம் மகன் ரென்சோவை இழந்தவர். இரண்டு சிறுவர்களின் பெயரையும் அத்தொகுப்புகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. பதக்கத்தின் பாதிகள் அன்று சேரவில்லை. சுவடியின் பாதிகள் இவ்வாறு சேர்ந்தன.

பாடகர் குழுவில் இடம் கிடைக்கவில்லையே என்று வருந்தும் தோழியரே! பாடுவது மட்டுமே இசைப்பணி என்று எண்ண வேண்டாம். பிறர் குரலைக் கண்டு வளர்ப்பதும், ஒத்திகைக்கு அழைப்பதும், சுவடிகளைப் பாதுகாப்பதும் இசைப்பணியே. கம்பிப் பின்னலுக்குப் பின்னால் நின்ற அச்சிறுமியரின் முகம் எவருக்கும் தெரியாது. அவர்களுக்காக எழுதியவரின் கல்லறை எங்கேயென்று காட்ட ஆளில்லை. ஆயினும் அவ்விசை இன்று உலகெங்கும் ஒலிக்கின்றது. அடுத்த முறை ஆலயத்தின் மாடத்திலிருந்து பாட்டொலி இறங்கி வரும்போது, பாடுவோரை மட்டுமன்றி, அவர்களைப் பாட வைத்தவரையும் ஒரு கணம் நினைத்து மன்றாடுவோமாக.