சக்கர நாற்காலியில் இருந்தே ஆபரேஷன் செய்த டாக்டரம்மா



நம்ம சேலம், நாமக்கல் பக்கம் லாரி ஓட்டுறவங்க, போர்வெல் வண்டிக்குப் போறவங்க, தென்னை மரம் ஏறுறவங்க அதிகம். அடிபட்டு முதுகுத்தண்டு போயிட்டா, இனி அவ்வளவுதான் என்று கட்டிலோடு விட்டுவிடுகிறோம். அப்படி விடக்கூடாது என்று வாழ்ந்து காட்டியவர் டாக்டர் மேரி வர்கீஸ்.

இவர் 1925-ல் கேரளாவில் கொச்சி பக்கம் செராய் என்ற ஊரில் பிறந்தார். வேலூர் சி.எம்.சி.யில் டாக்டருக்குப் படித்தார். பிரசவ டாக்டர் ஆகணும்னு ஆசை. 1954 ஜனவரியில் கூட வேலை செய்தவர்களோடு வெளியே போனபோது வண்டி விபத்தில் சிக்கினார். முகத்தில் பெரிய காயம். முதுகுத்தண்டு அடிபட்டதால் இரண்டு காலும் செயலிழந்தன. அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை.

நின்றுகொண்டு செய்கிற வேலை இனி முடியாது. ஆனா கை இரண்டும் நல்லா இருந்துச்சு. தொழுநோயால் விரல் மடங்கிப் போனவங்களுக்கு டாக்டர் பால் பிராண்ட் அங்கே ஆபரேஷன் செய்துகொண்டிருந்தார். கை ஆபரேஷனை உட்கார்ந்தே செய்யலாம். அவரிடம் கற்றுக்கொண்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே மேரி எத்தனையோ பேருடைய விரலை நிமிர்த்தினார்.

அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியா போய் தன் உடம்புக்குப் பயிற்சி எடுத்தார். அமெரிக்காவில் நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். திரும்பி வந்து 1963-ல் வேலூரில் அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறந்தாங்க. நோயாளி தங்கி பழகிட்டுப் போற இந்த மாதிரி இடம் இந்தியாவிலேயே அதுதான் முதல். 1972-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 1986-ல் காலமானார். இன்றைக்கும் அந்த மையம் அவர் பேரில்தான் நடக்கிறது.

அங்கே என்ன கற்றுத்தருகிறார்கள்? கட்டிலில் இருந்து நாற்காலிக்கு மாறுவது, குளிப்பது, துணி மாற்றுவது, கைத்தொழில் எல்லாம்தான். உணர்ச்சி இல்லாத உடம்பு ஒரே பக்கமாப் படுத்தா புண் வந்துடும். அதனால இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்கணும். சிறுநீர் தேங்கினா கிட்னி கெட்டுடும். அதையும் கவனிக்கணும். அடிபட்ட பிறகு பலர் உயிரை எடுப்பது அந்த அடி இல்லை, இந்தப் புண்ணும் கிட்னியும்தான். இதைப் பார்த்துக்கொள்வது வீட்டுப் பொம்பளைங்க நாமதானே.

இப்போ மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். கலெக்டர் ஆபீசில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. அட்டை, உதவித்தொகை, சக்கர நாற்காலிக்கு அங்கே எழுதிக்கொடுக்கலாம். வீட்டில் படுத்திருப்பவரால் போக முடியாது. நாமதான் போகணும்.

அடுத்த குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் கணக்கு முடிஞ்சதும் ஒரு கேள்வி கேளுங்க. நம்ம தெருவில் யார் வீட்டில் யார் படுத்திருக்காங்க? அந்தப் பேரை நோட்டில் எழுதுங்க. மேரியம்மாவுக்கு நாம செய்யற மரியாதை அதுதான்.