மேடையேறிய நாகசுரம்

மன்னார்க் கரையில் நிற்போர்க்குச் சோழநாடு தொலைவிலுள்ள நாடன்று. திருக்கேதீச்சரத்தைப் பாடிய ஞானசம்பந்தர், நாகப்பட்டினத்துக்கு அணித்தாகிய திருமருகலிலும் பதிகம் பாடி, அரவு தீண்டி மாண்ட வணிகனை எழுப்பினார் என்பது நம் பள்ளி மாணவரும் அறிந்த வரலாறு. 1914 ஆம் ஆண்டில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியபின், ஏறத்தாழ 20 மைல் கடலைக் கடந்து தஞ்சை நாட்டுத் தவிலும் நாகசுரமும் ஈழத்துக் கோயில் விழாக்களுக்கு வந்து சேர்தல் எளிதாயிற்று. அத்திருமருகலிற் பிறந்து, ஈழத்தவரும் செவிகுளிரக் கேட்க வாசித்தவரே நாகசுரச் சக்கரவர்த்தி எனப் புகழப்பெற்ற திருவாவடுதுறை இராசரத்தினம்பிள்ளை.

அவர் பிறந்தது 1898 ஆகஸ்ட் 27. தந்தையார் குப்புசாமிபிள்ளை, தாயார் கோவிந்தம்மாள். பெற்றோர் இட்ட பெயர் பாலசுப்பிரமணியம். இளமையிலேயே தந்தையை இழந்த பிள்ளையைத் தாய்மாமனாகிய திருமருகல் நடேசபிள்ளை தம் பிள்ளையாக ஏற்று வளர்த்தார். நடேசபிள்ளை திருவாவடுதுறை ஆதீனத்து நாகசுர வித்துவான். திருமூலர் திருமந்திரம் அருளிய அத்தலத்துக்கும் ஈழத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. நம் ஆறுமுகநாவலருக்கு 1849 இல் நாவலர் பட்டம் சூட்டியது அந்த ஆதீனமே. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையையும் உ. வே. சாமிநாதையரையும் பேணிய மடம், இசைக்கும் இடமளித்து வந்தது. புலவரும் நாகசுரக்காரரும் ஒரே மடத்தின் நிழலில் வாழ்ந்தனர். ஆயினும் இருவர்க்கும் கிட்டிய மதிப்பு ஒன்றாக இருந்ததில்லை. இது பின்னர் விளங்கும்.

சிறுவன் முதலிற் கற்றது குழலன்று, வாய்ப்பாட்டே. பிடில் மேதை திருக்கோடிகாவல் கிருஷ்ணையரிடம் பாட்டுப் பயின்று, அதன்பின்னரே அம்மாசத்திரம் கண்ணுசாமிபிள்ளையிடம் நாகசுரம் பயின்றார். இவ்வரிசை மிக முதன்மையானது. விரலால் மட்டும் கற்றவன் துளைகளை அறிவான். தொண்டையாற் கற்றவன் துளைகளுக்கு இடையிலுள்ளவற்றையும் அறிவான். பிற்காலத்தில் அவர் குழலிற் பிறந்த இராக ஆலாபனை, பாடகர் ஒருவர் இடையறாமற் பாடுவது போலவே இருந்தது. வாத்தியம் பாட்டைப் பின்பற்றுவது மரபு. இங்கோ பாட்டு வாத்தியத்தைப் பின்பற்றிய புதுமையும் நிகழ்ந்தது. ஜி. என். பாலசுப்பிரமணியத்தின் இராக ஆலாபனையில் இராசரத்தினத்தின் சாயல் தெளிவாக விழுந்ததை இசையறிந்தோர் யாவரும் ஒப்புவர்.

தோடி என்றால் இராசரத்தினம் என்பது அக்காலத்து வழக்கு. அத்தோடியே ஒரு பெருஞ்சீர்திருத்தத்துக்கும் துணையாயிற்று என்று கருதுகிறேன். ஊர்வலத்தில் தொலைதூரம் கேட்கவேண்டிச் செய்யப்பட்ட பழைய குழல் திமிரி எனப்படும். அது குட்டையானது, உயர்ந்த சுருதியுடையது. அதில் சுத்தமத்திமம் தன்னியல்பில் ஒலிப்பதில்லை. ஊதுவோர் உதட்டாலும் மூச்சாலும் அதனை இறக்கிச் சரிசெய்ய வேண்டியிருந்தது. தோடிக்கு உரியதோ சுத்தமத்திமம். கும்பகோணத்துக்கு அண்மையிலுள்ள நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் கடையும் ரெங்கநாதன் ஆசாரியோடு கலந்து, மீண்டும் மீண்டும் செய்து பார்த்து, நீளம் மிகுந்த, சுருதி தாழ்ந்த பாரி நாகசுரத்தில் அச்சுரம் இயல்பாகவே பேசும்படி செய்வித்தார் இராசரத்தினம். விரல் வைத்தற்குரிய துளைகள் 7. சுரத்தைச் செம்மைப்படுத்தற்குரிய துளைகள் 5. இவற்றுள் ஒன்று நெல்லளவு பிசகினும் குழல் பொய்பேசும். ஆச்சா மரத்தைக் கடைந்த அவ்வாசாரியின் கைத்திறனை இசை வரலாறு எழுதுவோர் பலர் ஒரு வரியிற் சொல்லிக் கடந்துவிடுகின்றனர். இது நன்றன்று. நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2022 இலேதான்.

இனி, மதிப்பின் செய்தி. மங்கல வாத்தியம் என்று நாகசுரத்தைப் போற்றிய சமூகம், அதனை ஊதியவரை மங்கலமாக நடத்தவில்லை. சட்டையின்றி, மேலாடையை இடுப்பிற் கட்டி, செல்வர் முன்னும் உயர்குலத்தார் முன்னும் நின்றும் நடந்தும் வாசிப்பதே அவர்க்கு விதிக்கப்பட்டிருந்தது. பாடகருக்குச் சமுக்காளம், நாகசுரக்காரருக்குத் தெருப்புழுதி. இராசரத்தினம் இதற்கு இணங்க மறுத்தார். குடுமியைக் களைந்து கிராப்பு வைத்தார். பட்டுச் சட்டையும் நீண்ட கோட்டும் அணிந்தார். மேடையில் அமர்ந்தே வாசிப்பேன் என்றார். ஓயாது ஒரே சுரம் ஒலிக்கும் ஒத்தை நீக்கி, பாடகர் போலத் தம்புராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டார். இதைச் செருக்கு என்றவர் பலர். செருக்கும் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் பணிவை ஒரு சாராரிடமே எதிர்பார்க்கும் ஊரில், செருக்கைத் தவிர வேறு கருவி அவருக்கு யாது இருந்தது?

கடல்கடந்த நாடொன்றில் இதனையொத்த வரலாறு நிகழ்ந்தது வியப்புக்குரியது. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் 1897 இற் பிறந்த சிட்னி பெசே என்னும் கறுப்பின இசைவாணர், தெரு ஊர்வலங்களில் வாத்தியக் குழுக்கள் வாசித்த சூழலில் வளர்ந்து, நேராக நீண்ட சாக்ஸபோனில் ஜாஸ் இசையை உலக மேடைக்கு ஏற்றினார். தம் நாட்டில் கிட்டாத பெருமதிப்பைப் பிரான்சில் பெற்று, 1959 இல் அங்கேயே மறைந்தார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்ததாகச் செய்தியில்லை. ஆயினும் சாக்ஸபோன் பிற்காலத்தில் நம் இசைக்கும் வந்தது. அதனைக் கருநாடக இசைக்குப் பழக்கிய கத்ரி கோபால்நாத் நாகசுரக் குடும்பத்தில் தோன்றியவரே. அவர் 2019 இல் காலமானார்.

1940 இல் எல்லிஸ் டங்கன் இயக்கிய காளமேகம் என்ற படத்தில் இராசரத்தினம் கவிஞராகவே நடித்தார். சிலேடைப் புலவரின் தருக்குக்குப் பொருத்தமான ஆள் என்று நகைப்பாருளர். படம் வெற்றி பெறவில்லை. 1947 ஆகஸ்ட் 14 அன்று, திருவாவடுதுறை ஆதீனத்தார் தில்லியில் நேருவுக்குச் செங்கோல் வழங்கச் சென்ற குழுவுடன் சென்று வாசித்தார். 1955 இல் சங்கீத நாடக அகாதெமி விருது பெற்றார். சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதிப் பட்டமோ அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை.

குறைகளையும் கூறவேண்டும். ஒப்புக்கொண்ட கச்சேரிக்கு வாராமல் அழைத்தவரைத் தவிக்கவிட்டதுண்டு. மதுப்பழக்கம் உடலைக் கெடுத்தது. வந்த பொருள் வந்த வழியே சென்றது. இவற்றினும் பெரிய கேள்வி ஒன்று உண்டு: அவர் பெற்ற இருக்கை அவருக்கா, அவர் குலத்தொழிலுக்கா? தமக்கென்றே அவர் வாதாடினார். ஆயினும் ஒருவர் அமர்ந்த இடத்தில் அடுத்தவரை நில் என்று சொல்வது கடினம். அவர் மாணவர் காருக்குறிச்சி அருணாசலம் அமர்ந்தே வாசித்தார். அவர் காலத்தில் அது எவர்க்கும் புதுமையாகத் தோன்றவில்லை. பாரி நாகசுரமும் அவ்வாறே பொதுவுடைமையாயிற்று. எனினும் நம் திருமண மண்டபங்களில், விருந்தினர் உரத்துப் பேசும் பேச்சுக்கிடையே, எவரும் செவிகொடாத மூலையில் தோடி ஒலிப்பதை இன்றும் காண்கிறோம்.

இராசரத்தினம்பிள்ளை 1956 டிசம்பர் 12 அன்று சென்னையில் மாரடைப்பால் மறைந்தார். வயது 58. தனுஷ்கோடித் துறையை 1964 டிசம்பர்ப் புயல் கொண்டுபோயிற்று. காருக்குறிச்சியாரும் அவ்வாண்டே மறைந்தார். எஞ்சியவை இசைத்தட்டுகள். மணிக்கணக்காகத் தோடியை விரித்தவர், பக்கமொன்றுக்கு மூன்று நிமிடமளவே இடங்கொடுத்த அக்காலத் தட்டில் அதனைச் சுருக்கிப் பதிந்திருக்கிறார். மாணவர் அதனைத் தேடிக் கேட்பாராக. கேட்கும்போது, சுத்தமத்திமத்தில் அவர் வந்து நிற்கும் இடத்தைக் கருத்தூன்றிக் கவனிக்க வேண்டும்.