எண்மாலை தொடுத்த மகாவீராசாரியர்

அறமும் கணிதமும் ஒரே ஞானத்தின் இரு கிளைகள் எனத் தம் நூலால் காட்டியவர் மகாவீராசாரியர். தீர்த்தங்கரரின் திருப்பெயரைத் தாங்கிய இவ்வாசாரியர் வாழ்ந்தது கி.பி. 9-ஆம் நூற்றாண்டு. மானியகேடத்தைத் தலைநகராகக் கொண்டு இராட்டிரகூட வேந்தன் அமோகவர்ஷ நிருபதுங்கன் ஆண்ட காலம் அது. ஆதிபுராணம் அருளிய ஜினசேனாசாரியரைக் குருவாகப் போற்றிய அவ்வேந்தனை வாழ்த்தி, ஏறத்தாழ 850-இல், கணிதசாரசங்கிரகம் என்னும் வடமொழி நூலை இவர் இயற்றினார்.

எண்ணறிவாகிய விளக்கால் உலகனைத்தையும் ஒளிரச் செய்தவர் என வர்த்தமான மகாவீரரை வணங்கியே நூல் தொடங்குகிறது. பொருள்நூல், சமையல், மருத்துவம், இசை, கட்டடக்கலை, இலக்கணம், தீவு கடல்களின் அளவு ஆகிய யாவற்றுக்கும் எண்ணே துணை என்கிறார் ஆசாரியர். நூறாயிரம் யோசனை விட்டமுடைய ஜம்பூத்வீபத்தை ஓதி வந்த மரபினருக்குப் பேரெண்கள் அயலானவை அல்ல. ஆசாரியரும் ஒன்று முதல் மகாக்ஷோபம் வரை 24 இடங்களுக்குப் பெயர் தந்துள்ளார்.

பெருக்கல் பகுதியில் அவர் அமைத்த கணக்குகள் சுவை மிக்கவை. அவற்றின் விடைகளை எப்புறமிருந்து படித்தாலும் ஒன்றாகவே இருக்கும். அவற்றை அவர் கழுத்தணிக்கு ஒப்பிடுகிறார். 142857143-ஐ 7-ஆல் பெருக்கினால் 1000000001 வரும். 27994681-ஐ 441-ஆல் பெருக்கினால் 12345654321 வரும். ஒன்றில் தொடங்கி ஆறுவரை ஏறிப் பின் முறையே இறங்கும் எண் என இதனை அவர் வருணிக்கிறார்.

இவ்வெண் 111111-இன் வர்க்கம். ஆறு ஒன்றுகளை ஆறு வரிகளில், வரிக்கு ஓரிடம் தள்ளி எழுதிக் கூட்டினால், நிரல்களின் தொகை ஒன்று, இரண்டு என ஏறி, நடுவில் ஆறாகி, மீண்டும் குறையும். எந்த நிரலும் பத்தை எட்டாமையால் மாலை அறுவதில்லை. ஒன்பது ஒன்றுகள் வரை இவ்வழகு நிலைக்கும். பத்து ஒன்றுகளை எடுத்தால் நடு நிரல் பத்தாகி, மிகுதி அடுத்த இடத்திற்கு ஏறி, மாலை குலைந்துவிடும். 12345654321-இன் இலக்கங்களைக் கூட்டினால் 36. அது ஆறின் வர்க்கம். 111111 என்பது 3, 7, 11, 13, 37 ஆகியவற்றின் பெருக்கற்பலன். ஆதலால் 21-இன் வர்க்கமாகிய 441, இப்பேரெண்ணை மீதியின்றி வகுக்கிறது.

குறை எண்ணுக்கு வர்க்கமூலம் இல்லை எனத் தெளிவாக உரைத்தவரும் இவரே. சுழியத்தால் வகுத்தாலும் எண் மாறாது என்ற இவரது கருத்தைப் பிற்காலக் கணிதம் ஏற்கவில்லை. அதனால் இவரது பெருமை குன்றவில்லை. 11-ஆம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் இந்நூலைத் தெலுங்கில் தந்தார். பின்னர் நெடுங்காலம் சுவடிகளில் உறைந்திருந்த மூலத்தை, 1912-இல் சென்னையில் ம. இரங்காசாரியர் ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பித்தார். சுவடியைக் காத்த கைகள் இல்லையேல் இம்மாலை நம்மை வந்து சேர்ந்திராது.

மும்மணிகளுள் நன்ஞானமும் ஒன்று. சமவெளியிலும் நீலகிரி மலையூர்களிலும் வாழும் நம் இல்லத்துச் சிறார், இத்திருநாளில் ஆசாரியரின் பெருக்கல் ஒன்றைத் தம் கையால் செய்து பார்ப்பார்களாக. விடை மாலையாக விரியும்போது, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஞானமரபு ஒன்று அவர்கள் ஏட்டில் மீண்டும் உயிர்பெறும்.