சொன்னபடி எழுதிய சீடர்

அய்யா வைகுண்டர் தம் சீடர்களாக ஏற்றுக்கொண்ட ஐவரில் ஒருவர் தாமரைகுளம் அரிகோபாலன் சீடர். தர்ம சீடர், பீம சீடர், அர்ச்சுன சீடர், நகுல சீடர் என்ற வரிசையில் சகாதேவ சீடர் என்று அழைக்கப்பட்டவர் இவரே. அகிலத்திரட்டு அம்மானையை ஏட்டில் எழுதும் பெரும்பணி இவர் கைக்குத்தான் வந்தது.

அவர் வாழ்ந்த காலம் சான்றோர் மக்களுக்குக் கொடிய காலம். திருவிதாங்கூர் அரசில் தலைக்கு வரி, கூலியில்லா ஊழியம். தலைப்பாகை கட்டவும் உரிமையில்லை. 1833 மாசி 20-ல் அய்யா திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக எழுந்தருளி, சாமிதோப்பில் தவமிருந்து மக்களை ஒன்று சேர்த்தார். அரசன் அவரைப் பிடித்துச் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்தான். 110 நாள் சிறையிருந்து 1839-ல் அய்யா விடுதலையானார். கலியை அழிக்க வந்தவருக்கே விலங்கா என்று மக்கள் கலங்கிய காலம் அது.

பின்பு 1841-ல், கார்த்திகை மாதம் 27-ம் நாள் வெள்ளிக்கிழமை, உறக்கத்தில் இருந்த சீடரை நாராயணர் எழுப்பி, தாம் சொல்வதை எழுதும்படி பணித்தார். எவ்வளவு எழுத வேண்டும், எங்கே முடியும், இதனால் என்ன வரும் என்று கேட்டு நின்றிருந்தால் அந்த நேரம் கடந்து போயிருக்கும். சீடர் எழுந்தார், எழுதினார். தம்மை ஒன்றும் அறியாதவராகத் தாழ்த்தி நூலின் தொடக்கத்தில் அவையடக்கம் சொன்னார்.

ஓலையில் எழுதுவது எளிய வேலை அல்ல. எழுத்தாணி கீறியதை அழித்து எழுத முடியாது. கீறும்போது எழுத்து கண்ணுக்குத் தெளிவாகவும் தெரியாது. ஓலையின் மேல் கரி தடவித் துடைத்த பிறகுதான் எழுத்து கருத்துத் துலங்கும். கீழ்ப்படிதலும் அப்படித்தான். முதலில் சொன்னபடி செய்ய வேண்டும். பொருள் பின்னால் துலங்கும்.

அகிலத்தில் நாராயணர் இலட்சுமி தேவிக்கு உலகின் தொடக்கம் முதல் எட்டு யுகங்களின் வரலாற்றையும் உரைக்கிறார். கலிநீசனின் வரிக்கொடுமையும், வைகுண்ட அவதாரமும், சிறையும் அதில் வருகின்றன. மக்கள் கண்ணீரோடு பார்த்த சிறைவாசம், முன்பே வகுத்த திட்டத்தின் ஒரு படி என்பது ஏட்டில் விளங்கியது. சீடர் எழுதாமல் இருந்திருந்தால் அந்தத் துன்பம் வெறும் துன்பமாகவே நின்றிருக்கும்.

இங்கே ஒன்றை அன்புக்கொடி மக்கள் மறக்கக் கூடாது. கீழ்ப்படிதல் என்றதும் அடிமைத்தனம் என்று எண்ணிவிடலாம். அரசனுக்கும் அதிகாரிக்கும் அஞ்சிக் குனிந்து பழகிய மக்கள் நம் முன்னோர். அந்தப் பணிவு அச்சத்தால் வந்தது. அது அவர்களை வளைத்தது. அய்யாவுக்குப் பணிந்தபோது அவர் தலைப்பாகை கட்டச் சொன்னார், முதுகு நிமிர்ந்தது. ஒரே கிணற்றில் குளித்து ஒன்றாக உண்ணச் சொன்னார், சாதி வேற்றுமை கரைந்தது. பணிந்தவனை நிமிரச் செய்வது இறைவன் கட்டளை. மேலும் குனியச் செய்வது நீசன் கட்டளை. ஒரு கட்டளை யாருடையது என்பதை இதைக் கொண்டே அறியலாம்.

பதியில் கண்ணாடி முன் நிற்பதையும் இப்படியே காணலாம். பெரியவர் சொன்னார்கள் என்று சிறுவயதில் நிற்கிறோம். தன் உருவம் மட்டுமே தெரிகிறது. நாள்தோறும் நின்று, திருநாமம் தரித்து, பணிவிடை செய்து வரும்போது, தனக்குள்ளே இறைவன் இருக்கிறான் என்பது ஒருநாள் புரிகிறது. அடுத்தவனுக்குள்ளும் அவனே இருக்கிறான் என்பது அதன்பின் புரிகிறது. நிற்காதவனுக்கு அது விளங்காது.

1851 வைகாசி 21-ல் அய்யா வைகுண்டம் சென்றார். சீடர் எழுதிய ஏடு கைப்படியாகப் பல இடங்களுக்குப் பரவி, 1939-ல் அச்சேறியது. இன்றும் கார்த்திகையில் சாமிதோப்பில் 17 நாள் திருஏடு வாசிக்கப்படுகிறது. கேட்க அமர்வோர் எல்லாம் அரிகோபாலன் சீடரின் பணிவால் பயன் பெறுவோரே. கேட்டதில் ஒன்றையாவது அன்றே செய்து பார்ப்போம். மீதியை அய்யா விளக்குவார்.

அய்யா உண்டு.