அடிமை விலங்கை அகற்றிய அன்னை

விழுப்புரம், திண்டிவனம் பகுதியிலிருந்து புதுச்சேரிக்குச் சென்று வரும் நமக்குக் குளூனி என்னும் பெயர் புதிதன்று. அது பிரான்சு நாட்டு ஊர் ஒன்றின் பெயர். அப்பெயரை உலகறியச் செய்தவர் ஓர் உழவரின் மகள். அவரே குளூனி தூய சூசையப்பர் சபையை நிறுவிய அன்னை ஆன் மரி ஜவுகே.

அன்னை 1779-ஆம் ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள் பர்கண்டிப் பகுதியில் பிறந்தார். அவருக்கு ஒன்பது வயதானபோது பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. ஆலயங்கள் மூடப்பட்டன, குருக்கள் துன்புறுத்தப்பட்டனர். அஞ்சாத அச்சிறுமி குருக்கள் மறைந்து வாழ உதவினார்; சிறுவர்களைக் கூட்டி இரகசியமாக ஞானோபதேசம் கற்பித்தார். அப்போது அவருக்கு ஏறத்தாழ நம் வயதுதான்!

1807 மே 12-ஆம் நாள், உடன்பிறந்த சகோதரியர் மூவர் உள்ளிட்ட எண்மருடன் வார்த்தைப்பாடு கொடுத்துச் சபையைத் தொடங்கினார். கல்வியும் நோயாளர் பணியும் கடல் கடந்து பரவின. 1822-இல் அன்னையே ஆப்பிரிக்காவிலுள்ள செனெகலுக்குச் சென்றார். 1827-இல் அவருடைய சகோதரிகள் புதுச்சேரிக்கு வந்தனர்.

தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில், மானா என்னுமிடத்தில் அன்னை ஆற்றிய பணியே அவரது வாழ்வின் மணிமகுடம். கள்ளக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளை அரசு அவரிடம் ஒப்படைத்தது. அவர்களுக்குத் தொழிலும் குடும்ப வாழ்வும் அமைத்துக் கொடுத்தார். 1838 மே 21-ஆம் நாள் 185 பேர் விடுதலை பெற்றனர். பிரெஞ்சு ஆட்சிப் பகுதிகளில் அடிமைமுறை ஒழிந்ததோ 1848-இல்தான்!

நல்லவர்க்கும் சோதனை உண்டு. சபையைத் தம் ஆளுகைக்குள் கொணர விரும்பிய ஆயர் ஒருவருடன் அன்னைக்குக் கருத்து வேற்றுமை நேர்ந்தது. அதனால் கயானாவில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவருக்கு நற்கருணை மறுக்கப்பட்டது. ஒவ்வொரு திருப்பலியிலும் மற்றவர்கள் நன்மை வாங்கச் செல்ல, அன்னை மட்டும் கண்ணீரோடு இருந்த இடத்திலேயே இருந்தார். ஆயினும் திருச்சபையைப் பழிக்கவில்லை, பணியையும் விடவில்லை. 1851-இல் அந்த ஆயர் இறந்த செய்தி கேட்டதும், அவரைத் தம் நன்மை செய்தோருள் ஒருவராகக் கருதி வேண்டிக்கொள்ளும்படி சகோதரிகளுக்குச் சொன்னார். சில நாட்களில், ஜூலை 15-ஆம் நாள், அன்னையும் இறைவனடி சேர்ந்தார். 1950-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார்.

சிறு மனத்தாங்கலுக்கே தோழியுடன் பேசாதிருக்கும் நமக்கு இவ்வாழ்வு ஒரு பாடம். பிறர் விலங்கை அகற்றிய அன்னை, தம் உள்ளத்தில் பகை என்னும் விலங்கு பூட்டப்படவும் இடங்கொடுக்கவில்லை. நாமும் மன்னிப்போம், துணிவுடன் தொண்டு செய்வோம்!